தொற்றுக்காலத்து உதவிப் பணமும் கமக்காரனின் கணக்குக் கொப்பியும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வெள்ளமோ வரட்சியோ பயிரை அழித்தால் நட்டஈடு கேட்பதை நாம் அறிவோம். பயிர் நன்கு விளைந்தும் வாங்குவாரில்லையெனின் யாது செய்வது? 2020 ஆம் ஆண்டிற் பரவிய கொரோனாத் தொற்று இந்நிலையையே உண்டாக்கிற்று. அவ்வேளையில் ஐக்கிய அமெரிக்காவிலே கமக்காரருக்கு உதவிப் பணம் வழங்கப்பட்ட விதத்தை இன்று எடுத்துக் கூற விரும்புகின்றேன். அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

அவ்வாண்டு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் அங்கே பாடசாலைகளும் உணவுச்சாலைகளும் மூடப்பட்டன. பால் வாங்குவாரின்றி நிலத்தில் ஊற்றப்பட்டது. இறைச்சித் தொழிற்சாலைகளில் நோய் பரவியமையால், விற்பனைக்கு ஆயத்தமாயிருந்த பன்றிகள் பண்ணைகளிலே தேங்கின. மரக்கறிகள் தோட்டத்திலேயே உழுது புதைக்கப்பட்டன.

ஏப்பிரல் 17 ஆந் திகதி அந்நாட்டு விவசாயத் திணைக்களம் 1,900 கோடி டொலருக்கு ஓர் உதவித் திட்டத்தை அறிவித்தது. அதில் 1,600 கோடி கமக்காரருக்கு நேரே கொடுப்பதற்கும், எஞ்சிய 300 கோடி உணவுப் பொருள்களை வாங்கித் தேவையுடையோருக்குப் பகிர்வதற்கும் ஒதுக்கப்பட்டன. செப்டெம்பரில், 1,400 கோடி டொலர் வரை வழங்கும் இரண்டாம் கட்டம் தொடங்கிற்று.

அந்நாட்டு மாநிலங்கள் கவுண்டி என்னும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. கிராமப்புறத்துக் கமக்காரர் தத்தம் கவுண்டிக்குரிய பண்ணைச் சேவைக் கந்தோருக்கு விண்ணப்பித்தனர். தொற்றுக் காரணமாக நேரிற் செல்ல இயலாதோர் தொலைபேசி, தபால், மின்னஞ்சல் வாயிலாக அலுவலை முடித்தனர்.

இரண்டாம் கட்டத்திற் பணம் எவ்வாறு கணிக்கப்பட்டதென்பதைக் கவனியுங்கள். நெல், நிலக்கடலை முதலிய பயிர்களுக்கு ஏக்கருக்கு 15 டொலர் வழங்கப்பட்டது. மரக்கறி, பழம் ஆகியவற்றுக்கோ 2019 இல் விற்ற தொகையே அளவுகோல். 50,000 டொலருக்குக் குறைய விற்றவருக்கு அத்தொகையில் நூற்றுக்கு 10.6 வீதம் கிடைத்தது. அதாவது, 20,000 டொலருக்கு விற்றவர் 2,120 டொலர் பெறலாம்.

இம்முறையிற் குறை இல்லாமலில்லை. 1,000 ஏக்கரில் நெல் விதைத்தவருக்கு 15,000 டொலர். 20 ஏக்கர்க்காரருக்கு 300 டொலர் மாத்திரமே. தனி ஒருவருக்கு 250,000 டொலர் என உச்ச அளவு விதிக்கப்பட்டபோதிலும், பெரும்பணம் பெருநிலக்காரரையே சேர்ந்ததென்ற கண்டனம் எழுந்தது.

எனினும் ஒரு விதி நமது சிந்தனைக்குரியது. பயிரின் இலாப நட்டத்திற் பங்குடையவரே உதவிக்கு உரியவர். காணியைப் பணக் குத்தகைக்கு விட்டவர் அல்லர்; குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவரே பணத்தைப் பெற்றார்.

இனிப் பாடத்துக்கு வருவோம். விண்ணப்பித்தவர் தமது ஏக்கரையும் விற்பனையையும் தாமே உறுதிப்படுத்திக் கையொப்பமிடலாம். ஆயின், அதிகாரிகள் கேட்கும்போது அதற்குச் சான்று காட்டுதல் வேண்டும். விற்பனைச் சீட்டைப் பேணியவருக்கு அது எளிது. தெருவோரத்தில் விற்றுக் காசை மடியிற் கட்டியவர் எதனைக் காட்டுவார்? அவர் பட்ட நட்டம் மெய்யாயினும் அதனை மெய்ப்பிக்க வழியில்லை.

ஆகையால் கமக்காரர்களே, ஒரு கொப்பியை இன்றே தொடங்குங்கள். விதைத்த திகதி, பரப்பு, விளைச்சல், விற்ற நிறை, விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். சீட்டுக்களைக் கிழித்தெறியாது கோத்து வையுங்கள். போகந்தோறும் உங்கள் பயிர்ச் செய்கையைக் கமநல சேவை நிலையத்தில் தெரிவித்துப் பதிவு சரியாக உள்ளதா எனப் பாருங்கள். குத்தகைக்குச் செய்வோர் உடன்படிக்கையை எழுத்தில் வைத்திருங்கள்.

அடுத்த இடர் எப்போது வருமென எவரும் அறியார். உதவி வரும் நாளிற் கணக்குத் தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். கொப்பியின் விலை சிறிது. அதனால் வரும் பயனோ பெரிது.