வார வழிபாடும் வரவுக் குறிப்பேடும்



வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தில் நமக்குத் தரப்பட்ட பொருள், புளியந்தோப்புப் பகுதியில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் வார வாழ்வும் வழிபாடும் என்பதாகும். கல்விச் சங்கத்து மேடையில் கோயிலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்டதாக அறிந்தோம். கேட்க வேண்டிய கேள்விதான். இச்சங்கத்தில் இந்துக்கள் உளர். பௌத்தம் தழுவியோர் உளர். கிறித்தவருள்ளும் பல சபையார் உளர். எவரையும் எக்கோயிலுக்கும் அழைப்பதற்காக நாம் இங்கு நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பாட்டன் பாட்டிமார் கூட்டம் கூடவும், கணக்கு எழுதவும், பலர் முன் எழுந்து நின்று வாய் திறக்கவும் எங்கே கற்றனர் என்று தேடிப் பார்த்தால், அவ்விடங்களில் ஒன்றாகப் பங்குக் கோயில் வந்து நிற்கிறது. அங்கே பெற்றது எது, பெறாதது எது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

இப்பகுதியின் வரலாற்றை இளைஞர்கள் ஓரளவு அறிவார்கள். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் சங்கொலிதான் பல தலைமுறைகளுக்கு இங்கே கடிகாரம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைத் தொழிலாளரிடையே தோன்றியது. 1921-இல் நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர் என்பதைக் காரணமாகக் கொண்டு மூண்ட பூசலில், சூன் திங்கள் இறுதியில் புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. தொழிற்சங்கத் தலைவர்களாலும் அந்நாளில் அந்தப் பிளவை ஒட்ட வைக்க இயலவில்லை. பிற்காலத்தில் ஆலைகளே 1996-இல் மூடப்பட்டன. ஆலை, ரயில்வே, துறைமுகம், மாநகராட்சித் துப்புரவு, ஆட்டுத்தொட்டி என்று உழைத்துப் பிழைத்த மக்கள் நாம். இவற்றில் எங்கும் நாமாகக் கூடி, நாமாகத் தலைவரைத் தேர்ந்து, நாமாகச் செலவு செய்யும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது.

கத்தோலிக்கக் குடும்பத்தின் வாரமோ அத்தகைய சிறு கூட்டங்களால் நிறைந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரியது. அன்று அரண்மனைக்காரத் தெருவிலுள்ள கோயிலில் கூடும் கூட்டத்தைக் கண்டவர், அது கத்தோலிக்கர் மட்டுமே கூடும் கூட்டமன்று என்பதை அறிவர். பூவும் மெழுகுவத்தியும் ஏந்தி வரிசையில் நிற்கும் இந்துப் பெண்களை எவரும் வேற்றாராகப் பார்ப்பதில்லை. புதன்கிழமை சதா சகாய மாதா நவநாள். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைக் கைப்பிடித்து வரும் தாய்மார்கள் தத்தம் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவார்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்வார்கள். திங்கள்தோறும் முதல் வெள்ளி திரு இருதய ஆண்டவருக்கு. தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை. ஆண்டுக்கொருமுறை பிப்ரவரி 11-ஐ ஒட்டிப் பெரம்பூர் லூர்து மாதா திருவிழா. ஆகஸ்டு இறுதியில் கொடியேறும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்து நடைப்பயணம். இவையெல்லாம் நீங்கள் கண்டவையே; விரிக்க வேண்டுவதில்லை.

நாம் விரித்துச் சொல்ல விரும்புவது, கண்ணுக்கு அவ்வளவாகத் தென்படாத இரண்டு வாரக் கூட்டங்களைப் பற்றி. ஒன்று, வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிசு நகரில் பிரெடரிக் ஒசானாம் என்னும் கல்லூரி மாணவரும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய சபை இது. உறுப்பினர் இருவர் இருவராக ஏழைகளின் இல்லம் நாடிச் செல்வர். சென்று கண்டதை வாரக் கூட்டத்தில் தெரிவிப்பர். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். அதனுள் கையை விட்டு இயன்றதை இடலாம். இட்டது எவ்வளவு என்பதை அடுத்திருப்பவர் அறியார். கூலி வாங்கிய நாளில் இடுபவரும், வெறுங்கையை விட்டு எடுப்பவரும் ஒன்றே. ஏழை ஏழைக்குக் கொடுக்கும் இடத்தில் மானம் காக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

மற்றொன்று மரியாயின் சேனை. நம் குடிசைகள் எரிந்த அதே 1921-ஆம் ஆண்டு, செப்டம்பர் திங்களில், அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் இது பிறந்தது. சிறு மேசை, அதன்மேல் மாதா சுரூபம், இரு புறமும் மெழுகுவத்தி, செபமாலை. அதன்பின் சென்ற வாரக் கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட வேண்டும். பிறகு ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கு இடப்பட்ட பணியைச் செய்த விதத்தை வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். “நோயாளி ஒருவரைப் பார்த்தேன், இருவருக்குச் செபம் சொல்லிக் கொடுத்தேன்” என்று நடுங்கும் குரலில் தொடங்கிய பெண்கள், சில ஆண்டுகளில் தலைவியராகவும் செயலராகவும் அமர்ந்து கூட்டம் நடத்தினர். கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, குறிப்பு உண்டு, கணக்கு உண்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்னும் ஒழுங்கும் உண்டு. நம் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை முதலாண்டுகளில் எழுதியவர்களின் கையெழுத்து எங்கே பழகிய கையெழுத்து என்று கேட்டால், விடை இதுதான்.

இளைஞர்களுக்கு இளம் கிறித்தவ உழைப்பாளர் இயக்கம் இருந்தது. பெல்சியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் அமைத்துத் தந்த அவ்வியக்கம், காண், சீர்தூக்கு, செயல்படு என்னும் மூன்று படிகளைக் கற்றுக் கொடுத்தது. தொழிற்சாலையில் இவ்வாரம் என்ன கண்டாய், அது நேர்மையானதா, அதற்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் பழக்கம் அது. செபத்தோடு நின்றுவிடாத பழக்கம் என்பதால், அதைச் சிலர் விரும்பவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முன்னாளில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. குரு பீடத்தை நோக்கி நிற்பார். மக்கள் பின்னே முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டுவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் இதை மாற்றியது. பூசை தமிழுக்கு வந்தது. குரு மக்களை நோக்கித் திரும்பினார். இவ்விரண்டையும் எல்லோரும் நினைவில் வைத்துள்ளனர். மூன்றாவதாக ஒன்று நடந்தது; நம் மக்களுக்கு அதுவே பெரிது. முதல் வாசகத்தையும் இரண்டாம் வாசகத்தையும் பொதுநிலையினர் மேடையேறி வாசிக்கும் வழக்கம் பிறந்தது. எழுதப்பட்ட சொல்லை நம்மவர் ஒருவர் வாசிக்க, எல்லாச் சாதியாரும் அமர்ந்து கேட்டு, முடிவில் இறைவனுக்கு நன்றி சொல்கின்றனர். ஊர்ப்புறத்துத் திண்ணைப் பள்ளியில் காது வைக்கவும் இடம் பெறாத குலத்துக்கு இது சிறு செய்தியன்று.

ஆனால் அந்த மேடை எல்லா இடத்திலும் எளிதில் கிட்டவில்லை. நாம் இளைஞராக இருந்தபோது ஒரு பங்கில், தேர் இழுக்கவும் பந்தல் போடவும் நம் தெருப் பிள்ளைகளை அழைப்பார்கள். வாசகர் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் வராது. கேட்டபோது, உச்சரிப்புச் சரியில்லை என்றனர். லகர ளகர ழகரப் பயிற்சியை மாலைதோறும் நாமே நடத்தினோம். ஆறு திங்கள் கழித்து மீண்டும் கேட்டபோது, பட்டியல் நிறைந்துவிட்டது என்றனர். அதற்கும் அடுத்த ஆண்டுதான் நம் பிள்ளை ஒருவன் மேடையேறினான். அந்தக் காரணம் சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். சாதியைக் கேட்டால் இல்லையென்றே உள்ளபடி சொல்லியிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் பிற ஊர்களில் இது சுவராகவே நின்றிருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை இரு கூடங்களிலிருந்து இரு சாதியார் தனித்தனியே நோக்கும் வண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் எழுப்பப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியால் எழுந்த சுவரைப் பற்றி நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. 2008-இல் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் மீது தாக்குதல் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. நகரத்தில் வாழும் நாம் அத்தகைய சுவரைக் கண்ணால் காண்பதில்லை. அதனாலேயே இங்கு ஒன்றும் இல்லையென்று சொல்லிவிடுவது எளிதாகிறது.

இவ்விடத்தில் ஒரு வழக்கை நீங்கள் அறிய வேண்டும். நம் புளியந்தோப்பிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய ரத்தன் பஜார்ப் பகுதியில், சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்து வந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரம் தொழில் செய்யும் செருப்புத் தொழிலாளருக்கு இலவசப் பெட்டிக்கடை வழங்கும் திட்டம் வந்தது. அருகே அதே தொழில் செய்தவர்களுக்குக் கிடைத்தது. கிறித்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் அல்லாதவரை அப்பட்டியலினின்று விலக்கியிருந்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சூசை உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985 செப்டம்பர் 30-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

அத்தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள். மதம் மாறிய பின்னும் சாதி தொடரலாம் என்பதை நீதிமன்றம் அப்படியே மறுத்துவிடவில்லை. சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. பழைய சமூகத்தில் இருந்த இழிவும் இன்னலும் புதிய மதச் சமூகத்திலும் அதே கொடுமையோடு நீடிக்கின்றன என்பதை நிறுவ வேண்டும். அதற்கு அதிகாரபூர்வமான ஆய்வுச் சான்று முன்வைக்கப்படவில்லை என்பதே அதன் சாரம். வாரந்தோறும் குறிப்பெழுதும் சபைகள் நிறைந்த ஒரு சமூகத்தில் பிறந்த மனிதர், எழுத்துச் சான்று இல்லையென்று திரும்பி வந்தார். எத்தனை செபமாலை, எத்தனை நோயாளர் சந்திப்பு, எத்தனை ரூபாய் காணிக்கை என்பதற்கெல்லாம் அந்த ஏடுகளில் கட்டம் இருந்தது. வாசகர் பட்டியலில் எவர் பெயர் இருந்தது, பேரவையில் எவர் அமர்ந்தார், கல்வி நிலையத்தில் எவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை.

அதன்பின் சான்றுகள் வந்தன. சிறுபான்மையினர் தேசிய ஆணையத்துக்காகச் சதீஷ் தேஷ்பாண்டே 2008-இல் அளித்த அறிக்கை உண்டு. அதற்கு முன்பே, 2007-இல், ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்பதை ஒப்புக்கொண்டது. நாட்டிலுள்ள கத்தோலிக்கர் 1 கோடியே 90 இலட்சம் பேரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என்று அப்போது கூறப்பட்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்தின் முதல் கர்தினால் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில், மதம் மாறியோரின் நிலையை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையங்கள் வரும், போகும். வரும்போது நம் கையில் தாள் இருக்க வேண்டும்.

திருச்சபையின் சட்டமே நமக்கு இடமளிக்கிறது என்பதைப் பலர் அறியார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் பொருளாதாரக் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287-ஆம் பிரிவு. தம் கருத்தை மேய்ப்பர்க்குத் தெரிவிக்கும் உரிமையும், சிற்சில வேளைகளில் கடமையும் மக்களுக்கு உண்டென்பது 212-ஆம் பிரிவு. மரியாதையோடும் எண்களோடும் கேட்பவரை எந்தப் பங்குத்தந்தையும் எளிதில் மறுத்துவிட முடியாது. கோபத்தோடு மட்டும் போனால் கதவு சாத்தப்படும், அதையும் கண்டிருக்கிறோம்.

கல்வி உதவி குறித்து ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆயினும் பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அவர்களுக்கும் மாநில அரசு வழங்குகிறது. சாதிச் சான்றில் மதம் மாறிய ஆதிதிராவிடர் என்பது தெளிவாகக் குறிக்கப்படாமல் அதை இழக்கும் பிள்ளைகள் உண்டு. சான்று வாங்கும் நாளிலேயே அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 2015 வெள்ளத்தில் பல வீடுகளில் பெட்டியோடு நனைந்து போனவை பழைய சபைக் குறிப்பேடுகளும், ஞானஸ்நானச் சீட்டுகளும், திருவிழா வரவு செலவு நோட்டுகளும். 2023 டிசம்பர்ப் புயல் மழை மீதியில் சிலவற்றைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவை எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும், ஞாயிறு பூசைக்குப்பின் சங்க நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இளைஞர்கள் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவார்கள். ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. எழுத்தறியாத பெரியவர்கள் வெறுங்கையோடு வரட்டும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இருவர் அமர்ந்திருப்பார்கள்.