மாமன்ற உறுப்பினரின் வீட்டுக் கதவு

(மும்பையில் தமிழ்த் தோழர்களிடையே நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி மன்றங்களில் பணியாற்றும் தோழர்களின் குடும்ப வாழ்க்கை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மாநகராட்சி நிதி, குடிநீர், குடிசைப்பகுதிச் சீரமைப்பு ஆகியவை பற்றிப் பேச வல்லவர் இந்த அவையில் பலர் இருக்கின்றனர். நான் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவது என் பணி. அப்பணியில் தவறாமல் என் மேசைக்கு வருபவை இரண்டு: ஒன்று தீர்மானங்கள், மற்றொன்று இரங்கற் குறிப்புகள். தீர்மானங்களின் மொழி காலத்துக்கேற்ப மாறுகிறது. இரங்கற் குறிப்பின் கடைசி வரியோ மாறுவதேயில்லை. மறைந்த தோழருக்கு மனைவியும் இரு மகன்களும் உள்ளனர். அல்லது மனைவியும் ஒரு மகளும் உள்ளனர். போராட்டம், சிறை, தலைமறைவு, தேர்தல் என்று பத்துப் பத்திகள். குடும்பத்துக்கு ஒரு வரி. முந்தைய பத்துப் பத்திகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் கடைசி வரியில் உள்ளவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

இதற்கு நம்மிடம் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. தியாகம் என்கிறோம். அச்சொல் பொய்யன்று. ஆயினும் அச்சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆலைத் தொழிலாளியின் உழைப்பை மணிக்கணக்கில் அளக்கக் கற்றுக்கொண்ட இயக்கம் நம்முடையது. வீட்டு வேலை தன் பொதுத்தன்மையை இழந்து தனிப்பட்ட ஊழியமாகிவிட்டதை ஏங்கெல்ஸ் 1884இலேயே எடுத்துக்காட்டினார். அதை வகுப்புகளில் ஓயாமல் கற்பிக்கிறோம். நம் தோழர் தேர்தலில் வென்ற மறுநாள் முதல் அவர் வீட்டில் கூடும் உழைப்பை மட்டும் ஏன் அளப்பதில்லை?

அந்த உழைப்பு என்னவென்று பார்ப்போம். மும்பையில் மாமன்ற உறுப்பினரை மராத்தி வழக்கில் நகர்சேவக் என்பார்கள். நம் தமிழ் மக்களும் அப்படியே அழைக்கிறார்கள். நகரத்தின் ஊழியர் என்பது பொருள். நல்ல சொல். ஆனால் தாராவியிலோ சீத்தா கேம்பிலோ வாழும் ஓர் ஏழை நகர்சேவக்கின் வீடு ஒற்றை அறை. சமைப்பதும் அங்கே, உறங்குவதும் அங்கே, மூலையில் உள்ள மோரியில் குளிப்பதும் அங்கே. காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது. ரேஷன் அட்டையில் பெயர் விடுபட்டவர், குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராதவர், சயான் மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர், இரவில் கணவனிடம் அடிபட்டவர் என்று வருகிறார்கள். தாராவியில் இப்பொழுது மறுசீரமைப்புக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டவர்கள், பழைய போட்டோ பாஸையும் மின்கட்டண ரசீதையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். தோழர் இரவு கிளைக் கூட்டம் முடிந்து ஒரு மணிக்குத்தான் படுத்திருப்பார். எழுந்து கதவைத் திறப்பவர் அவர் மனைவி. வந்தவரை உட்காரச் சொல்லி, தேநீர் தந்து, என்ன செய்தி என்று கேட்டு, பெயரையும் தெருவையும் குறித்துக்கொள்கிறார். அந்த அம்மையார் கட்சி உறுப்பினரா என்றால், பெரும்பாலும் இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் ஓரிடத்தில் சற்றே விலகிச் செல்ல அனுமதியுங்கள். சிலப்பதிகாரத்தில், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனுக்கு உணவளித்தபின் கண்ணகி தன் பழைய துயரைச் சொல்கிறாள். கணவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு அளித்தல், விருந்து எதிர்கொள்ளுதல் முதலிய கடமைகளைத் தான் இழந்துவிட்டதாகக் கூறுகிறாள். கணவன் வீட்டில் இல்லையெனில் விருந்து இல்லை என்பது அக்கால இல்லற நெறி. நம் நகர்சேவக்கின் மனைவிக்கு நிலைமை நேர்மாறு. கணவர் வீட்டில் இருப்பதே இல்லை. விருந்து மட்டும் ஓய்வதில்லை. நூற்றாண்டுகளுக்குப் பின்னும் விருந்தோம்பல் பெண்ணின் கடமையாகவே நிற்கிறது. அடுப்பெரிக்கும் செலவும் அவளுடையதே.

செலவு என்றதும் ஊதியம் நினைவுக்கு வருகிறது. மும்பை மாநகராட்சி உறுப்பினரின் மாத மதிப்பூதியம் 2017இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் தோழர்கள் அதைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சி தரும் படியில் வாழ்கின்றனர். இந்நெறியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் இது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பமாட்டார்கள். நகர்சேவக்கின் மனைவி ஏன் இன்னும் இட்லி மாவு அரைத்து விற்கிறாள் என்று அவர்கள் வியக்கிறார்கள். ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். கடன்காரர் முன்னும் உறவினர் முன்னும் கட்சியின் ஒழுக்கநெறியை விளக்க வேண்டிய பொறுப்பு, அந்நெறியை நாம் ஒருபோதும் விளக்கிச் சொல்லாத ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது.

இதைவிடக் கடினமானது ஒன்றுண்டு. ஒப்பந்ததாரர் நேரே தோழரிடம் வருவதில்லை. அவர் கெட்டிக்காரர். தோழர் வார்டு அலுவலகத்துக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்கு வருகிறார். தீபாவளி இனிப்புப் பெட்டி. அதன் அடியில் ஓர் உறை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புவதா, வாங்கி வைப்பதா என்ற முடிவை எடுப்பவர் கதவைத் திறந்தவர்தான். அது அரசியல் முடிவு. பல தோழர்களின் நேர்மையைக் குறித்து நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதில் பாதி இவ்வாறு வாசலில் நின்று காப்பாற்றப்பட்டதாகும். எந்த அறிக்கையிலும் அது இடம்பெற்றதில்லை.

இவர்களை நாம் எப்போது கவனிக்கிறோம்? இந்நகரின் வரலாறு ஒரு விடை தருகிறது. பரேல் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவருமான தோழர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூன் 5ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டார். ஆலைத் தொழிலாளர் பகுதியில் செங்கொடியை வீழ்த்த நடந்த தாக்குதலின் உச்சம் அது. அவ்வாண்டு நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி சரோஜினி தேசாய் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக் வென்றார். சட்டமன்றத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த முதல் இடம் அதுவே. கணவரைப் பறிகொடுத்த சில மாதங்களில் வாக்குக் கேட்டு வீதிக்கு வந்த அந்த அம்மையாரின் துணிவு பெரிது. நான் கேட்பது வேறு. ஒரு பெண்ணின் பெயர் இயக்கத்தின் ஏடுகளில் முதன்முதலாக இடம்பெற அவர் விதவையாக வேண்டியிருக்கிறதா? பரேலில் மட்டும் நடந்ததன்று இது. நாட்டின் எந்தக் கட்சியின் வரலாற்றிலும் இதைக் காணலாம்.

தாயே நகர்சேவிகா ஆகும்போது நிலைமை என்ன? மகாராஷ்டிரத்தில் 2011 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியவை. மும்பை மாநகராட்சியின் 227 இடங்களில் 114 பெண்களுக்கு. ஆகவே இது இனிச் சில குடும்பங்களின் தனிக்கதையன்று. கணவர் தேர்ந்தெடுக்கப்பட்டால் மனைவி அலுவலகத்தை நடத்துகிறார். மனைவி தேர்ந்தெடுக்கப்பட்டால் கணவர் அடுப்படியை ஏற்கிறாரா? முதலாளித்துவக் கட்சிகளில் அவர் அடுப்படியை ஏற்பதில்லை, பதவியையே ஏற்றுக்கொள்கிறார். மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவரே கோப்பைப் படிக்கிறார். நாம் அப்படியில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பதவி விஷயத்தில் அது உண்மை. அடுப்படி விஷயத்தில் நம் கணவன்மார்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. தோழர் அகல்யா ரங்னேகர் 1943இல் பரேல் மகளிர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1961 தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் பம்பாய் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். 1977இல் பம்பாய் வடமத்தியத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். இடையே 1962இல், சீனப் போர்க்காலக் கைதுகளில் சிறைப்பட்டார். அப்போதும் அவர் மாமன்ற உறுப்பினர், பிள்ளைகளின் தாய். அவருடைய கணவர் தோழர் பி.பி. ரங்னேகரும் கட்சியின் தொழிற்சங்கத் தலைவர். இருவரும் இயக்கத்தவர் என்பதால் அவ்வீட்டில் அரசியலும் இல்லறமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. அவருடன் தோள்சேர்ந்து நின்ற சோசலிஸ்ட் தலைவர் மிருணாள் கோரேயின் நிலை இன்னும் கடினமானது. 1958இல் கணவரை இழந்து, சிறு மகளோடு தனித்து நின்ற அவர், 1961இல் கோரேகாவிலிருந்து மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடிநீருக்காக அவர் நடத்திய போராட்டங்களால் மக்கள் அவரைத் தண்ணீர்க்காரம்மா என்னும் பொருளில் ‘பாணிவாலி பாய்’ என்றழைத்தனர்.

இவ்விருவரும் 1972இல் விலையேற்றத்தை எதிர்த்துப் பெண்களின் ஐக்கிய முன்னணியைக் கட்டினார்கள். சப்பாத்திக் கட்டையை ஏந்திய மோர்ச்சாவும், தட்டைக் கரண்டியால் அடித்து எழுப்பிய ஓசையும் இந்நகரம் அதுவரை அறியாதவை. மாமன்றத்தில் அமர்ந்திருந்த இப்பெண்கள் தங்கள் அடுப்படியை மறைத்துக்கொண்டு அரசியலுக்கு வரவில்லை. அடுப்படியையே வீதிக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பாரத்தைக் குறித்துப் பேசுவது அரசியல் தரத்தைத் தாழ்த்துவது என்று இன்றும் கருதும் தோழர்கள் அந்த மோர்ச்சாக்களை நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழகத்திலிருந்து ஒரு பெயரை நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள். மதுரை வில்லாபுரம் தோழர் லீலாவதி. நெசவாளர் குடும்பம். 1996இல் மாமன்ற உறுப்பினரானார். குழாய்த் தண்ணீர் வந்தால் தங்கள் தண்ணீர் வியாபாரம் அழியும் என்றிருந்தவர்களின் பகையைச் சம்பாதித்தார். 1997 ஏப்ரல் 23ஆம் நாள் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒவ்வோராண்டும் அந்நாளில் அவருக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அவர் உறுப்பினராக இருந்தது ஓராண்டுக்கும் குறைவே. அந்தச் சில மாதங்களில் அவ்வீட்டின் பெண்மக்கள் தாயை எத்தனை மணிநேரம் பார்த்திருப்பார்கள்? பின்னர் தாயில்லாமலே வளர்ந்தார்கள். வீரவணக்கத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் கருதுகிறேன். துணைக்கு ஆளில்லாமல் தனியே நடமாட வேண்டிய நிலையில் இன்று எந்த உள்ளாட்சித் தோழராவது இருக்கிறாரா என்று கேட்பதும் அந்த வணக்கத்தின் பகுதியே.

பிள்ளைகளைப் பற்றி இன்னும் சிறிது. நம் தொகுதிக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். தோழர் ஆர்.பி. மோரே 1927 மகாட் போராட்டத்தின் அமைப்பாளர்களுள் ஒருவர், அம்பேத்கரின் துணைவர், பின்னர் கம்யூனிஸ்ட், 1965இல் ‘ஜீவன் மார்க்’ வார ஏட்டைத் தொடங்கியவர். தம் வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதி முடிக்கவில்லை. மகன் சத்யேந்திர மோரே தந்தையின் வரலாற்றை எழுதி நிறைவு செய்தார். அந்த மகனே 1978இல் தாராவியின் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வறுமையில் வளர்ந்த ஒரு மகன் தந்தையின் கொடியைத் தானே எடுத்துக்கொண்டதை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் எடுத்துக்கொள்ளாத பிள்ளைகளே அதிகம். அவர்களை நாம் சீரழிந்தவர்கள் என்றோ நடுத்தர வர்க்க மயக்கத்தில் விழுந்தவர்கள் என்றோ சொல்லிவிடுகிறோம். அது நியாயமன்று.

ஒரு தோழரின் மகள் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். தெருவுக்கு ஓர் அப்யாசிகா, அதாவது மாணவர் படிப்பறை, வேண்டுமென்று அவளுடைய தந்தை மூன்றாண்டு அலைந்து பெற்றுத் தந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அவள் அங்குச் சென்றுதான் படித்தாள். வீட்டில் இடமில்லை, எந்நேரமும் மனுக்காரர்கள். “அப்பா எல்லாப் பிள்ளைகளுக்கும் படிக்க இடம் வாங்கிக் கொடுத்தார், எனக்கும் சேர்த்துத்தான்” என்று சிரித்தபடி சொன்னாள். அவளுக்குத் தந்தை மீது கோபமில்லை. கட்சி மீது இருந்தது. “நான் பாஸ் பண்ணினேனான்னு ஒரு தோழர்கூடக் கேட்கலை” என்றாள்.

என்ன செய்யலாம்? லெனின் 1919இல் பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் தளிர்களாகக் கண்டார். அவ்வளவு பெரிய ஏற்பாடுகள் நம் கையில் இல்லை. கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். மனுக்களைப் பெறும் இடம் தோழரின் வீடாக இருத்தல் கூடாது. சிவசேனைக்குத் தெருத்தோறும் ஷாகா இருப்பதால் அவர்களுடைய நகர்சேவக்கின் அடுப்படி தப்பிக்கிறது. நமக்கு அலுவலகம் இல்லாத இடங்களில் கிளைத் தோழர்கள் முறைவைத்து, காலையில் இரண்டு மணிநேரம் தெருமுனையில் ஒரு மேசை போட்டு அமரலாம். படியை முடிவு செய்யும் கூட்டத்தில், தோழரின் வீட்டுச் செலவை அறிந்தவரான மனைவியிடமோ கணவரிடமோ நேரில் கேட்டு முடிவு செய்யலாம். கதவைத் திறப்பவருக்கு உள்ளாட்சி பற்றிய ஓர் அரசியல் வகுப்பு நடத்தலாம். விரும்பினால் அவர் உறுப்பினராகட்டும். பெண் தோழர் தேர்ந்தெடுக்கப்பட்ட வீட்டில் கணவரின் வீட்டு வேலையைக் கிளையின் ஆய்வுப் பொருளாக்கலாம். இதைக் கேட்டுச் சில தோழர்கள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. அவர்களுடைய கிளையிலிருந்தே தொடங்கலாம்.

இரங்கற் குறிப்புகளை அனுப்பும் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி வரியில் உள்ளவர்களின் பெயரையும், அவர்கள் செய்த வேலையையும் எழுதி அனுப்புங்கள். மொழிபெயர்க்கச் சிறிது கூடுதல் நேரமாகும். பரவாயில்லை. இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். வீட்டிலிருந்து வந்திருக்கும் பெண்கள் முதலில் பேசட்டும்.