ஸ்கேன் படமும் சல்லடையும்



ஒரு நாள் பேரை விட்டுவிட்டு ஸ்கேனுக்கு வரும் தோட்டத்துத் தாய்மார் திரையைப் பார்த்து, "என்னங்க டொக்டர், ஒரே பனியா இருக்கே?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. கந்தப்பளைக்காரருக்கு அப்படித் தோன்றாமல் இருக்குமா? அந்தப் பனியைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழுவினர் 1958இல் தம் படங்களை வெளியிட்டார்கள். உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியே அவர்களுக்கு வழிகாட்டி. அடிப்படை இன்றும் அதுதான். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறோம். உடலுக்குள் ஒலி செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர் போகும்; ஒரு சென்ரிமீற்றர் ஆழம் போய்வர 13 மைக்ரோசெக்கன்.

ஈரலுக்குள் ஒலியலையின் நீளத்தைவிடச் சிறிய நுண்பொருள்கள் எண்ணற்றவை. அவற்றின் எதிரொலிகள் கலந்து ஓரிடத்தில் வலுக்கும், அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். பனிபோலத் தெரியும் புள்ளிகள் அவைதான், இயந்திரம் பழுதில்லை. அதிர்வெண்ணைக் கூட்டினால் புள்ளிகள் நுணுகும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. அதனால்தான் கழுத்துக்கு 10 மெகாஹேர்ட்ஸ் அளவில் பார்க்கும் நாங்கள் வயிற்றுக்கு 2 முதல் 5 வரை இறங்குகிறோம்.

மிச்ச வேலை வடிகட்டிக்கு. தேயிலை ஃபெக்டரிச் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தின் சராசரியைப் போட்டால் பனி குறையும், கூடவே உறுப்பின் ஓரமும் மங்கும். அக்கம்பக்க மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் தனிப்புள்ளி போகும், ஓரம் பெரும்பாலும் தப்பும். பல கோணங்களிலிருந்து பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது இன்னொரு வழி.

இங்கேதான் கவனம் வேண்டும். பித்தப்பைக் கல்லை அதன் பின்னால் விழும் கறுப்பு நிழலை வைத்து அறிகிறோம். பல கோணங்களைச் சேர்த்தால் படம் அழகாகும், நிழல் வெளுத்துவிடும். சிறு கல் என்றால் சந்தேகம் வரும். அந்தத் தாய் மறுபடி ஒரு நாள் பேரை இழந்து வரவேண்டும். ஆகவே சந்தேகமான இடத்தில் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கிறோம். பிள்ளையின் முகத்தை வீட்டில் காட்டப் படம் கேட்டால் மழுப்பிக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை!

எங்கிருந்தாவது ஊர் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்கிக் கொடுக்க நினைக்கும் அக்காமார், விற்பவர் காட்டும் வழுவழுப்பான படத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். வடிகட்டியைப் படிப்படியாகக் குறைக்கலாமா, முழுதாக நிறுத்தலாமா என்று கேளுங்கள். ஸ்கேன் செய்யும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், நிறுத்திய படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.