ஒரு மாட்டுக்கு ஆயிரத்தொரு மாடு



'ஆசியாக் கண்டம்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு அரை மணியில் முடிக்கச் சொல்கிறார்கள். உலக மக்களில் பத்துக்கு ஆறு பேர் இந்தக் கண்டத்தில்தான் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நொடி பேசினாலே நூற்றைம்பது வருஷம் ஆகும்! அதனால் நம்ம பக்கத்து ஏரியிலிருந்து தொடங்குகிறேன்.

ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறதே, அந்தத் தண்ணீர் யார் தந்தது? குளிர்காலம் நெருங்கும்போது சைபீரியா, மங்கோலியாப் பக்கம் நிலம் உறைகிறது. கனத்துப்போன காற்று கீழே இறங்கி, வங்கக் கடலைத் தாண்டுகையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம்மிடம் கொட்டுகிறது. எங்கோ குளிர்ந்தால்தான் இங்கே நடவு. இமயமலையின் உயரத்தைப் பரீட்சைக்குப் படித்துக்கொள்ளுங்கள்; எனக்கு இதுதான் புவியியல்.

காற்று வந்த வழியில் நம் ஆட்களும் போனார்கள். 1281-லேயே சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவனை வைத்துத் தமிழில் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே வந்து ஆலை வைக்கிறார்கள். ஒரகடத்தில் ஜப்பான், சுங்குவார்சத்திரத்தில் தைவான், இருங்காட்டுக்கோட்டையில் கொரியா.

கொரியாவைப் பற்றி ஒரு மாட்டுக் கதை சொல்கிறேன். இன்றைய வடகொரியாவில் ஒரு ஏழை விவசாயி வீட்டில் 1915-ல் பிறந்தவர் சுங் ஜூ-யோங். நாடு அப்போது ஜப்பான்காரன் கையில். வயல் வேலை பிடிக்காத பையன், அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடிவிட்டான். 1945-ல் ஜப்பான் போனது, நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950-ல் போர். 1953 ஜூலையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளைப் பொறுப்பில் வைத்திருந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவராகப் போனவர், நம்ம இந்திய ராணுவத்தின் ஜெனரல் திம்மையா. ஓடிவந்த பையனுக்குச் சொந்த ஊர் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது.

அவர் 1967-ல் ஹூண்டாய் மோட்டார் தொடங்கினார். முதலில் ஃபோர்டு காரைப் பூட்டிக் கொடுக்கும் வேலைதான். 1975-ல் சொந்தப் பெயரில் 'போனி'. எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷி! தங்கள் நாட்டை அடக்கி ஆண்டவனிடமே வாங்கிக் கற்றுக்கொண்டார்கள். ரோஷம் பார்த்திருந்தால் கார் ஓடியிருக்காது.

1998 ஜூனில், எண்பதைத் தாண்டிய அந்தக் கிழவர் 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, எல்லையிலுள்ள பன்முன்ஜோம் வழியாக வடக்கே போனார். அக்டோபரில் இன்னும் 501. ஒரு மாடு அப்பாவுக்குக் கடன், ஆயிரம் வட்டி. இந்த இரண்டு பயணத்துக்கும் நடுவே, செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் செய்த சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது.

இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள், சரி. ஒன்றைக் கவனியுங்கள். தென்கொரியா ஆலைகளைக் கட்டுவதற்கு முன்பே, 1950-ல், ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ மூன்று ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்து, உழுதவனிடம் நிலத்தைக் கொடுத்தது. அந்த நிலத்தில் விளைந்ததை வைத்துத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நம்ம பக்கம் நிலம் கைமாறியது ஆலை வந்தபோது. விற்றவர் பிள்ளை அதே மண்ணில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆலையும் நிரந்தரமில்லை: 2006-ல் இங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் நிறுத்திவிட்டது. கண்டத்தின் பொருளாதாரத்தில் நமக்கு இடம் கிடைத்துவிட்டது, உண்மைதான். பூட்டிக் கொடுக்கிற இடத்திலேயே கால் நூற்றாண்டு நிற்கிறோம் என்பது என் குறை.

ராத்திரி ஷிப்ட்டு முடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஆலை லைனில் கொரியாக்காரர் யாராவது இருந்தால், அவருடைய தாத்தா என்ன பயிர் வைத்தார், அந்த நிலம் எப்படி வந்தது என்று டீ நேரத்தில் கேளுங்கள். பதிலை அடுத்த கூட்டத்தில் இந்த மைக்கில் வந்து சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.