நேர்குடற் புற்றுநோயும் ஆண்மை நரம்புகளும்

நோய் நீங்கியது, உயிர் தப்பியது, இதற்கு மேல் வேண்டுவது யாது என்று உற்றார் மகிழ்ந்திருக்க, சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஆடவர் சிலர் ஒரு குறையை மனைவியிடமும் கூறாது, வைத்தியரிடமும் வினவாது உள்ளத்தில் அடக்கி வருந்துவதுண்டு. நேர்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு ஏற்படக்கூடிய ஆண்மைக் குறைவே அது. நாணத்தாற் பேசப்படாத இவ்விடயத்தை உடற்கூற்றின் வழியே நோக்கினால், இது நரம்புகளுக்கு நேர்ந்த ஊறேயன்றி எவருடைய குற்றமும் அன்று என்பது புலனாகும்.

பெருங்குடலின் கீழ்ப்பகுதியாகிய நேர்குடல், இடுப்பெலும்புக் கூட்டினுள் அமைந்துள்ளது. ஆடவரில் அதன் முன்னே சிறுநீர்ப்பையும் விந்துப்பைகளும் சுக்கிலச் சுரப்பியும் நெருங்கியிருக்கின்றன. அதன் மருங்கே இருவகை நரம்புகள் செல்கின்றன. மேலிருந்து இறங்கும் பரிவு நரம்புகள் விந்து வெளிப்படுதலை ஆளுகின்றன. முள்ளந்தண்டின் அடியிலிருந்து வரும் பரபரிவு நரம்புகள் ஆண்குறிக்கு இரத்தத்தைப் பெருக்கி விறைப்பைத் தருகின்றன. இவ்வுண்மையை 1863 ஆம் ஆண்டிலேயே எக்கார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் நாய்களிற் சோதித்துக் கண்டார். சிறுநீர்ப்பையின் தொழிலுக்கும் இந்நரம்புகளே துணை. ஆதலின் இவை ஊறுபடின் சிறுநீர் கழித்தலும் இடர்ப்படும்.

1908 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து ஏர்ணஸ்ற் மைல்ஸ் என்பவர், வயிற்றின் வழியாகவும் கீழிருந்தும் வெட்டி நேர்குடலை முற்றாக அகற்றும் முறையை வெளியிட்டார். அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆயினும், பிற்காலத்திலும் நெடுநாள் வரை, நேர்குடலைச் சூழ்ந்த பகுதியைக் கையினாற் பிரித்தெடுக்கும் வழக்கம் நிலவிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் கை செல்லும்போது மெல்லிய நரம்புகள் அறுந்துபோதல் இயல்பே. நோய் அடியோடு அகல வேண்டுமாயின் இவ்விழப்பைப் பொறுத்தே ஆகவேண்டும் எனப் பலர் கருதினர்.

இக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் பேசிங்ஸ்ரோக் நகரத்து வைத்தியர் ஹீல்ட் ஆவார். நேர்குடலைச் சுற்றிக் கொழுப்பும் நிணநீர்க் கணுக்களும் கொண்ட உறை ஒன்று உண்டு. புற்றுநோய்த் துகள்கள் அவ்வுறையினுள் தங்கிவிடுவதாலேயே நோய் அவ்விடத்தில் மீண்டும் தோன்றுகின்றது என்பதை 1982 ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் எடுத்துக்காட்டினர். உறை கிழியாதவாறு, கண்ணாற் பார்த்துக்கொண்டே கூரிய கருவியால் அதன் வெளி எல்லையை ஒட்டிப் பிரித்தல் வேண்டும் என்பது அவர் முறை. ஆண்மை நரம்புகளோ அவ்வெல்லைக்குச் சற்று வெளியே செல்கின்றன. ஆகவே நோயை முழுமையாக அகற்றும் வழியும் நரம்பைக் காக்கும் வழியும் பெரும்பாலும் ஒன்றேயாயின. யப்பானிய வைத்தியர்களும், இடுப்பின் பக்கக் கணுக்களை அகற்றும் விரிந்த சத்திரசிகிச்சையால் நேர்ந்த துன்பத்தைக் கண்டு, 1980 களில் நரம்புகளை இனங்கண்டு காக்கும் முறைகளை வளர்த்தனர்.

எனினும் இது எல்லோருக்கும் உறுதியளிக்கும் முறையன்று. புற்று நரம்பையே பற்றியிருந்தால் உயிரைக் காத்தற்பொருட்டு நரம்பையும் வெட்ட நேரும். நோய் மிகத் தாழ்வாகவோ முன்புறத்திலோ இருப்பின் இடர் மிகும். கதிர்ச்சிகிச்சையும் காலம் செல்லச் செல்ல ஊறு விளைக்கலாம். முதுமை, நீரிழிவு, புகைத்தல் என்பனவும் குறையைக் கூட்டும்.

நேரும் குறைகளும் ஒரு தன்மையன அல்ல. ஒருவருக்கு விறைப்புக் குன்றலாம். மற்றொருவருக்கு விறைப்பு இருந்தும் விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் திரும்பலாம். தொடுவுணர்ச்சியைக் கொணரும் நரம்பு வேறாகையால் அது பெரும்பாலும் எஞ்சியிருக்கும். நசுங்கியதேயன்றி அறுந்துபோகாத நரம்பு, பல மாதங்களில், சிலவேளை இரண்டு ஆண்டுகளிற்கூட, மீண்டும் தொழிற்படலாம்.

1998 இல் வழக்கிற்கு வந்த சில்டெனபில் என்னும் மருந்து பலருக்குப் பயன்படுகின்றது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று வகை மருந்து உட்கொள்வோருக்கு அது பேராபத்தாகும். ஆகையால் வைத்தியரின் ஆலோசனையின்றி அதனை வாங்கி உண்ணல் தகாது. மருந்து பயன்படாதவிடத்து ஊசிமருந்தும் வெற்றிடக் கருவியும் பொருத்து உறுப்பும் உள்ளன. மக்கட்பேற்றை விரும்புவோர், சிகிச்சை தொடங்குமுன்னரே விந்தைப் பாதுகாத்து வைத்தல் பற்றி வினவுதல் நன்று.

ஆதலின் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து வைத்தியரிடம் கேட்கத்தக்கவை சில உள. நரம்புகளைக் காக்க இயலுமா? இயலாதாயின் காரணம் யாது? பின்னர்க் குறை நேரின் எவரை நாடுவது? வைத்தியரும் நோயாளியின் முன்னைய நிலையை வினவிக் குறித்துவைத்தல் கடமையாகும்.

எல்லாவற்றிற்கும் முற்பட்டது ஒன்றுண்டு. மலத்துடன் இரத்தம் போதலையும், மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தலையும் மூலநோய் என்று தாமே எண்ணிப் பலர் மறைத்துவிடுகின்றனர். நோய் சிறிதாயிருக்கும்போது வருபவருக்கே உயிரையும் நரம்பையும் ஒருங்கு காக்கும் வாய்ப்பு மிகுதி. அந்த முதல் நாணத்தை விடுத்தால், பின்னர் வரும் பெருந்துயரைப் பெரிதும் தவிர்க்கலாம்.