பேசினால் முடிந்துவிடும் கதை
(நமது குடியிருப்பின் பொங்கல் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம். இன்றைய பேச்சே உங்களால்தான்.

செயலாளர் அண்ணன் தலைப்பு கேட்டபோது "கொரியன் சீரியல்" என்றேன். "நல்லதா நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்றார். நல்லதாகத்தான் பேசப்போகிறேன், கொஞ்சம் திட்டிவிட்டு.

கன்னிவாடிக்கும் கொரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? புதுயுகம் டிவியில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தமிழ் பேசிய காலத்திலேயே அது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகளைத் திட்டப்போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவள் நான். பெரும்பாலும் 16 பாகத்தில் கதை முடிந்துவிடும். 'கோலங்கள்' 1,533 பாகம் பார்த்த நமக்கு அது பெரிய நிம்மதி இல்லையா?

ஆனால் நாலு தொடர் பார்த்தால் ஐந்தாவதை நாமே சொல்லிவிடலாம். பணக்காரப் பையன், ஏழைப் பெண். பையனின் அம்மா கவரில் பணத்தோடு வந்து "என் மகனை விட்டுவிடு" என்பார். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸில்' அப்படிப் பணத்தோடு வந்த அம்மாவின் தலையில் பெண்ணின் தாய் உப்பைக் கொட்டுவார். உப்புச் சுற்றிப்போடும் ஊர்க்காரிக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை! அதே தொடரின் கடைசியில் கதாநாயகன் கார் மோதி எல்லோரையும் நினைவில் வைத்திருப்பான், காதலியை மட்டும் மறப்பான். 2002-இல் வந்த 'விண்டர் சொனாட்டா'வில் ஒரு விபத்தில் நினைவு போகும், இன்னொரு விபத்தில் திரும்பும்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டை அப்படி விட முடியாது.

ஒன்று, கையைப் பிடித்து இழுப்பது. பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்து அவன் தரதரவென்று கூட்டிப்போவான். பின்னால் இனிமையாகப் பாட்டு ஓடும். பஸ் ஸ்டாண்டில் நம் பிள்ளையை ஒருவன் அப்படி இழுத்தால் பாட்டா கேட்கும்? பையன்களைப் பெற்றவர்களும் இதை வீட்டில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, "உன் நல்லதுக்காக" என்று சொல்லாமல் விலகிப்போவது. நோய், கடன், மிரட்டல், எதையும் சொல்லமாட்டார்கள். ஒரு வார்த்தை பேசினால் 13-ஆம் பாகத்திலேயே கதை முடிந்துவிடும். கொரியாக்காரர்களை மட்டும் சொல்லக்கூடாது. 1961-இல் வந்த நம் 'பாலும் பழமும்' படத்தில், காசநோய் வந்த மனைவி கணவரின் ஆராய்ச்சி கெடக்கூடாதென்று சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். நம் அம்மாக்கள் அதைத் தியாகம் என்று அழுதுகொண்டே பார்த்தார்கள்.

போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஆர்சி புக் தேடி வண்டியின் டிக்கியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு மருத்துவமனைச் சீட்டு. நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ எடுக்கச் சொல்லி எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டால், "பிள்ளைக்கு பிளஸ் டூ பரீட்சை. உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான்" என்றார். டிவியில் கேட்ட அதே வசனம்! மறுநாளே மதுரைக்குப் போனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். இதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமில்லை. அன்று பணம் புரட்டும்போதுதான் என் பக்கமும் வெளியே வந்தது. தம்பிக்காக என் செயினை அடகு வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது, வீட்டில் சொல்லவில்லை. "உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான்" என்று நானும் சொன்னேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்து, "இதுக்கு நான் பார்க்கிற சீரியலே பரவாயில்லை" என்றாள்.

சீரியலில் விலகிப்போனவர் நாலு வருடம் கழித்து நல்ல கோட்டுப் போட்டுத் திரும்பி வருவார். நெஞ்சுவலிக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் பாருங்கள், சிரியுங்கள், திட்டுங்கள். பார்த்து முடித்த இரவு ஒருவரையொருவர் கேளுங்கள்: "என்கிட்ட சொல்லாம ஏதாவது வச்சிருக்கியா?" வண்டி டிக்கியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.