டெண்டர் ஆவணத்தில் சாதி எங்கே இருக்கிறது?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்நுட்பமும் சாதியும்'. செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து யாராவது வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். நான் டெண்டர் பற்றித்தான் பேசப்போகிறேன். அதுதான் என் வேலை.

அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் இயந்திரம், மென்பொருள், கேமரா, வருகைப்பதிவுக் கருவி என்று வாங்கும்போது போடும் ஒப்பந்தங்களைக் கண்காணிக்கும் பணியில் இருக்கிறேன். டெண்டர் வெளியாகும் முன் ஆவணத்தைப் படித்துக் குறிப்பு எழுதுவேன். பொருள் வந்ததும், கேட்டதுதான் வந்திருக்கிறதா என்று சோதிப்பேன். பில் வரும்போது, வேலை நடந்ததற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பேன். முடிவெடுக்கும் அதிகாரம் எனக்கு மேலே இருப்பவர்களுடையது. கேள்வி எழுதி வைக்கும் உரிமை எனக்கு உண்டு.

இந்த வேலையில் நான் புரிந்துகொண்டதைச் சொல்ல, கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான துப்புரவுப் பணியில் எந்த மனிதரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அந்த வேலைக்குத் தகுந்த தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது 33ஆம் பிரிவு. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது 2014இல் உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதே ஆண்டு ஒன்றிய பட்ஜெட்டில், எல்லா நகரங்களிலும் சாக்கடைப் பணி முழுக்க இயந்திரமயமாகும் என்று அறிவித்தார்கள். ஆள் இறங்கும் குழி இனி இயந்திரம் இறங்கும் குழி ஆகும் என்றார்கள்.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, இயந்திரமும் வாங்கப்படுகிறது. பிறகு ஏன் இன்னும் ஆட்கள் உள்ளே இறங்கிச் சாகிறார்கள்? சாதிதான் காரணம் என்பீர்கள். அது சரியான பதில். ஆனால் அந்தச் சாதி எந்தக் காகிதத்தில், எந்தப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால்தான் அதை மாற்று என்று ஓர் அலுவலகத்தின் முன் போய் நிற்க முடியும். எனக்குத் தெரிந்த நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

முதல் இடம், இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி. தொட்டியின் கொள்ளளவு, பம்பின் அழுத்தம், குழாயின் நீளம் எல்லாம் அங்கே துல்லியமாக இருக்கும். எவ்வளவு குறுகலான சந்துக்குள் இந்த வண்டி நுழைய வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. பெரிய லாரி வந்து சேரும். டிப்போ வாசலில், அகலமான சாலையில் ஓட்டிக் காட்டுவார்கள். சோதனையில் தேர்ச்சி என்று எழுதிவிடுவார்கள். லாரி நுழைய முடியாத சந்துகளில் அடைப்பு ஏற்படும்போது என்ன செய்வது என்று ஆவணம் சொல்லாது. ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் எழுதும் குறிப்புகளில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: இந்த ஊரின் மிகக் குறுகலான தெருவில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது இடம், அபராதப் பகுதி. புகார் வந்து 24 மணி நேரத்துக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் இவ்வளவு பிடித்தம் என்று இருக்கும். இயந்திரம் பழுதாகி நின்றாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. சரி, ஒப்பந்ததாரர் மனிதரை உள்ளே இறக்கினால் என்ன அபராதம்? பல ஆவணங்களில் அதற்குத் தனித் தொகையே கிடையாது. 'நடைமுறையில் உள்ள அனைத்துச் சட்டங்களையும் ஒப்பந்ததாரர் பின்பற்ற வேண்டும்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். தாமதத்துக்கு விலை உண்டு, ஆளை இறக்குவதற்கு விலை இல்லை என்றால் ஒப்பந்ததாரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இரவில் ஒரு போன் போதும், குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் வந்துவிடுவார்கள். எந்தச் சாதிக் குடியிருப்பு என்று இந்த அரங்கில் நான் சொல்லத் தேவையில்லை. இறந்துபோனால், 'பணியின்போது நேரும் விபத்துக்கு ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு' என்ற வரியை அலுவலகம் காட்டும். சட்டத்தில் உள்ள 'மறைமுகமாக' என்ற சொல் இந்தத் தப்பித்தலுக்கு எதிராகத்தான் இருக்கிறது.

மூன்றாவது இடம், சான்று. யாரைக் கண்காணிக்கிறோம் என்பது இங்கே தெரிந்துவிடும். சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தார்கள். இது கைவிலங்கு என்று தொழிலாளர்கள் போராடினார்கள். அதுவும் ஒரு தொழில்நுட்பக் கொள்முதல்தான். அதற்கும் டெண்டர் உண்டு, பில் உண்டு. ஆனால் இயந்திரம் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது என்ற பதிவைக் கேட்டால் கையால் எழுதிய நோட்டைக் கொடுப்பார்கள். சில நேரம் எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே எட்டு மணி நேரம். கருவியின் கண் தொழிலாளியை நோக்கி இருக்கிறது. பணம் வாங்கும் நிறுவனத்தை நோக்கி அதைத் திருப்புவதுதான் எங்கள் வேலை.

நான்காவது இடம், யார் டெண்டரில் கலந்துகொள்ளலாம் என்ற தகுதிப் பகுதி. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறுநிறுவனங்களிடம் வாங்க வேண்டும். நல்ல ஆணை. ஆனால் அந்த நிறுவனங்கள் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனைகளை நிறைவு செய்யாவிட்டால், அந்த 4 விழுக்காட்டை மற்றச் சிறுநிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதே ஆணை சொல்கிறது. இப்போது உள்ளாட்சி டெண்டருக்கு வாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இத்தனை கோடி வரவு செலவு, இதே மாதிரி வேலையில் முன் அனுபவம் என்று நிபந்தனை இருக்கும். துப்புரவுத் தொழிலாளி சொந்தமாக இயந்திரம் வாங்க அரசே கடன் திட்டம் வைத்திருக்கிறது. கடனில் வண்டி வாங்கியவர் இந்தத் தகுதிப் பகுதியைத் தாண்ட முடியாது. முப்பது ஆண்டு சாக்கடை வேலை செய்த கைக்கு 'முன் அனுபவம்' இல்லை என்று அர்த்தம். கடைசியில் அவர் பெரிய ஒப்பந்ததாரரிடம் தினக்கூலியாகப் போவார்.

இந்த நான்கையும் எழுதி வைத்தால் ஒரு பதில் தவறாமல் வரும்: 'இவ்வளவு கடுமையாக நிபந்தனை போட்டால் யாரும் டெண்டரில் கலந்துகொள்ள மாட்டார்கள். வந்தாலும் விலை ஏறிவிடும்.'

விலை ஏறும் என்பது உண்மைதான். சிறிய வண்டி தனியாக வாங்க வேண்டும், மாற்று இயந்திரம் தயாராக இருக்க வேண்டும், இயக்குபவருக்குப் பயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் வேண்டும். சிறிய நகராட்சிகளுக்கு அது சுமை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு நாள் குறைந்த விலைக்கு எப்படி முடிந்தது? இயந்திரம் செய்யாத மிச்ச வேலையை ஒரு சாதியின் உடல் செய்யும் என்ற நம்பிக்கையில் போட்ட விலை அது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று நாம் கையெழுத்திடும்போது, அந்த நம்பிக்கையின் மேல்தான் கையெழுத்திடுகிறோம். டெண்டர் ஆவணத்தில் சாதிப் பெயர் இருக்காது. விலைப்புள்ளிக்குள் அது இருக்கும்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்ததும் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்துத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்தார்கள். ஒப்பந்தம் கைமாறினால் தங்கள் கூலிக்கும் வேலைக்கும் என்ன ஆகும் என்று அந்தப் பெண்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. படித்த நாமும் அந்தக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படிப்பது முடியாத காரியமில்லை. தமிழ்நாட்டில் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசின் டெண்டர் இணையதளத்தில் ஆவணங்கள் வெளியாகின்றன. உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ எதை வாங்குகிறது என்று பாருங்கள். கிடைக்காததைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். ஒப்பந்த நகல், சோதனை அறிக்கை, இயந்திரம் ஓடிய மணிக்கணக்கு, இதுவரை விதித்த அபராதப் பட்டியல், இந்த நான்கும் போதும். 'அவ்வாறான பதிவேடு எதுவும் இல்லை' என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். இயந்திரம் ஓடியதற்குச் சான்று இல்லாமல் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களே எழுதிக் கொடுத்த கடிதம் அது. அதை வைத்து மனு போடலாம், தணிக்கைக்கு அனுப்பலாம், வழக்குக்கும் போகலாம்.

இங்கே பொறியியல் படிப்பவர்களும் சட்டம் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். இந்த மேசைகளில் வந்து உட்காருங்கள். டெண்டர் எழுதும் அறையில் சாக்கடைக் குழியைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இருந்தால், 'வண்டி எங்கள் தெருவுக்குள் வருமா?' என்ற கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே கேட்பார்.